திரை கறுப்பாக இருந்தால் கணினி இறந்துவிட்டதா?

வேதியியல் சோதனையில் ஒரே நேரத்தில் மூன்று மாறிகளை மாற்றினால் மதிப்பெண் போய்விடும் என்று மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதே மாணவர்கள் கணினி முன் உட்கார்ந்ததும் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்துகிறார்கள். இது எனக்கு நெடுநாள் குறை.

எங்கள் அறிவியல் மன்றத்தின் மேக் மடிக்கணினியில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது சார்ஜர் கழன்றுவிட்டது. பேட்டரி பழையது; உடனே அணைந்தது. கவனக்குறைவு எங்களுடையதுதான். அதன்பின் திரையில் எதுவும் வரவில்லை. உள்ளே மாணவர்கள் ஐந்து மாதமாகக் குறித்து வைத்த மழையளவுகள் இருந்தன.

கெட்டுப்போனது ஃபர்ம்வேர். இயங்குதளத்துக்கு முன்பே கண்விழித்து, சில்லுகளை எழுப்பிவிடும் நிரல் அது. மேக் கணினியில் அதை மீண்டும் எழுத இன்னொரு மேக் வேண்டும். இரண்டையும் கேபிளால் இணைக்க வேண்டும். வழிகள் இரண்டு. ‘ரிவைவ்’ நம் கோப்புகளைத் தொடாமல் ஃபர்ம்வேரைச் சரிசெய்ய முயலும். ‘ரிஸ்டோர்’ எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்.

ரிவைவ் தோற்றது. “டீச்சர், ரிஸ்டோர் போட்டுவிடலாம்” என்றான் ஒரு மாணவன். நான் விடவில்லை. ரிவைவ் பலிக்காவிட்டால் அடுத்த படி ரிஸ்டோர்தான், உண்மை. ஆனால் கோளாறு கேபிளில் இருந்தால் ரிஸ்டோரும் அதே இடத்தில்தான் நிற்கும். எங்கே தோற்றது என்று பார்க்காமல் அழிக்கும் பொத்தானை அழுத்துவது பழுதுபார்ப்பது ஆகாது, சூதாட்டம்.

எங்கே தோற்றது என்பதுதான் தடயம். இரண்டாவது மேக்கில் நம் கணினி தென்படவே இல்லை என்றால் கேபிள், இணைத்த துளை, விசைகளை அழுத்திய விதம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். சில மலிவான கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், தரவைக் கடத்தாது. விலையுயர்ந்த தண்டர்போல்ட் 3 கேபிளையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். எல்லாத் துளைகளும் இதற்கு ஒத்துவராது. எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். திரை கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஃபர்ம்வேர் எழுதும் ‘டிஎஃப்யூ’ நிலையில் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

தென்பட்டு, பாதி வழியில் நின்றால் கதை வேறு. அப்போது இணையத்தைப் பாருங்கள். இரண்டாவது மேக் ஆப்பிளின் சர்வரிலிருந்து பெரிய கோப்பை இறக்க வேண்டும். ஒப்புதலும் பெற வேண்டும். பள்ளி இணையத்தின் தடுப்புகள் குறுக்கே வரலாம். இரண்டாவது மேக்கின் இயங்குதளம் பழையதாக இருந்தாலும் சிக்கல்தான்.

நாங்கள் ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு முயற்சியிலும் ஒன்றை மட்டும் மாற்றி எழுதினோம். முதலில் கேபிள். கணினி தென்பட்டது, ஆனால் பாதியில் நின்றது. கேபிளை அப்படியே வைத்து, பள்ளி இணையத்துக்குப் பதில் என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட். மாணவர்களுக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்றார்கள். முடிந்திருக்கலாம். எது சரிசெய்தது என்று மட்டும் தெரிந்திருக்காது. அதே இணையத்தில் அடுத்த கணினியையும் இப்படித்தான் மாட்ட வைத்திருப்போம்.

ரிவைவ் முடிந்தது. மழையளவுகள் அப்படியே இருந்தன. அன்று மாலையே அவற்றைப் பென்டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன். ஐந்து மாதத்துக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டிய வேலை அது.