கைப்பேசி வீட்டில் இருக்கட்டும்

பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் தொழிலாளிக்குப் பயிற்சிப் படங்கள் இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. கையை எப்படித் தூக்குவது, நாற்காலியிலிருந்து எப்படி எழுவது எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கைப்பேசி யாருடையது? மகனுடையது. மகனோ விடியுமுன் பெரட்டுக்கோ பட்டணத்துத் தொழிற்சாலைக்கோ கிளம்பிவிடுகிறான். போனும் கூடவே போய்விடுகிறது. பெரியவர் பகலெல்லாம் லயத்து வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி வந்து, "அப்பா, இன்னிக்குச் செஞ்சீங்களா?" என்று கேட்டு என்ன பயன்?

தோழர்களே, புதிதாக உளி பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் மரமெல்லாம் காயம். வெட்டி வெட்டித்தானே கை பழகியது? பக்கவாதமும் அப்படித்தான். அடிபட்ட மூளைப்பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது படியும். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் பெரும்பாலும் வேகமாகத் தெரியும். அப்புறம் மெதுவாகும். "இனிமே எங்க வரப்போவுது" என்று மனசு விட்டுப் போவது அங்கேதான். மெதுவானதே தவிர, நின்றுவிடவில்லை.

கைப்பேசி உண்மையில் உதவுவது இங்கேதான். முதல் வாரத்தில் அவர் கிளாசைப் பிடிப்பதைப் படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே கிளாசோடு மறுபடியும் எடுங்கள். இரண்டையும் அவருக்குக் காட்டுங்கள். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். ஆனால் அவர் சம்மதமில்லாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். கைலி கட்ட இன்னொரு கை தேவைப்படும் மனிதருக்கும் மானம் உண்டு.

பயிற்சி நேரத்துக்கு அலாரம் வைக்கலாம். என்னைக் கேட்டால், பத்தாம் நாளே அது எரிச்சலாகிவிடும். பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் தாத்தா இன்னும் நாலு முறை தூக்குவார். 'ஒரே வாரத்தில் நடந்தார்' என்று எண்ணெய் விற்கும் படங்களை மட்டும் காட்டாதீர்கள். அவை நம்பிக்கையைக் கெடுப்பவை. தோளில் வலி எடுத்தால் கையை இழுக்காமல், பயிற்சி சொன்னவரிடம் கேளுங்கள். திடீரென வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் மேலும் தளர்ந்தாலோ உடனே 999.

வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தால் அதை அவருக்கே கொடுத்துவிடுங்கள். லைன் கிடைக்காத தோட்டமென்றால், பட்டணம் போகும்போதே படங்களை அதில் இறக்கி வையுங்கள். தோட்டக் கமிட்டிகளும் நிர்வாகத்திடம் தண்ணீர், விளக்கு கேட்கும்போது லைனையும் சேர்த்துக் கேட்கத்தான் வேண்டும்.