கொடுமுடியில் மலையே இல்லை... அப்புறம் ‘முடி’ எங்கிருந்து வந்துச்சு?

ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் சமதரையில் இருக்கிற ஊர் கொடுமுடி. ஆனால் அகராதியில் ‘கொடுமுடி’ என்றால் மலையுச்சி. தலபுராணம் சொல்ற பதில்: ஆதிசேஷனும் வாயுவும் மோதினப்போ மேருமலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுதான் இங்கே லிங்கமாச்சு. சாமி பேரு மகுடேசுவரர். மகுடம்னாலும் முடிதானே!

இந்த ‘முடி’ நமக்கு மட்டும் சொந்தமில்லைங்க. மலையாளத்தில் தலைமயிரும் முடி, 2,695 மீட்டர் உயரமுள்ள சிகரமும் ஆனமுடி. கன்னடத்தில் கொண்டையும் முடி, தலையில் பூ வைப்பதும் முடி. தெலுங்கில் முடி என்றால் முடிச்சு. கல்யாணத்தில் நாம போடுற மூன்று முடிச்சு அங்கே ‘மூடு முள்ளு’; அந்த ‘முள்ளு’, முடியின் பன்மை. கூந்தலை முடிஞ்சா கொண்டை, கொண்டை நிற்கிற இடம் உச்சி. பொருள் இந்த வழியாத்தான் நகர்ந்திருக்கும்னு தோணுது.

2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழக அரசு மாற்றியது. கோயம்புத்தூருக்கு எத்தனை எழுத்து என்று கிண்டல் பறக்க, சில நாட்களிலேயே வாபஸ். கேலியில் அமுங்கிப்போன சிக்கல் நிஜமானது. வழக்கமான ஆங்கில எழுத்தில் ‘கொடு’வும் ‘கோடு’வும் ஒண்ணுதான். தமிழில் கொடு என்றால் வளைந்த (கொடுவாள் ஞாபகம் இருக்கா?), கோடு என்றால் சிகரம். அந்தக் கோடு இருக்கிறது பக்கத்துத் திருச்செங்கோட்டில். அங்கே நிஜமாவே மலை இருக்கு.