டாக்டர் வரவில்லையா? பாதையை அடைத்தது யார்?

திருச்சி தில்லைநகரில் தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரி. ஆனால் ஸ்ரீரங்கம் தாலுகாவில் வாழைத்தார் சுமக்கும் கூலிக்கும், பச்சைமலையில் மரவள்ளி போடும் ஏழைக்கும் நோய் முற்றிவிட்டால் புத்தூர் பெரியாஸ்பத்திரிதான் கதி.

“நாங்கள் என்ன செய்வது? டாக்டர்கள் கிராமத்துக்கு வர மறுக்கிறார்களே!” என்று ஆளுவோர் கையை விரிக்கிறார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது!

டாக்டரை வரவழைக்கும் வழியைத் தமிழ்நாடு பல ஆண்டுகள் நடத்திக் காட்டியது. மருத்துவ மேல்படிப்பில் மாநிலத்துக்குரிய இடங்களில் பாதி, சர்க்கார் டாக்டர்களுக்கு என்பதே அந்த ஏற்பாடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்தவர், பின்னர் படித்து மகப்பேறு நிபுணராக, குழந்தை வைத்தியராகச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். கிராமத்துக்கு டாக்டர் கிடைத்தார். பெரியாஸ்பத்திரிக்கு நிபுணர் கிடைத்தார்.

இதைக் கெடுத்தது யார்? இந்திய மெடிக்கல் கவுன்சில் 2000ல் போட்ட விதியை 2016ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2017ல் பட்ட மேல்படிப்பில் அந்தப் பாதி இடங்கள் பறிபோயின. பதிலுக்குக் கிடைத்தது என்ன? எட்டாத ஊரில், கடினமான பகுதியில் வேலை செய்தால், வாங்கிய மார்க்கில் வருஷத்துக்கு 10 சதவீதம், மொத்தம் 30 வரை சலுகை மார்க்கு! டில்லியில் உட்கார்ந்து எழுதிய விதிக்குப் பச்சைமலை தெரியுமா?

டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. 2019 அக்டோபரில் வேலை நிறுத்தம் செய்தார்கள். பறிபோன இடங்களைக் கேட்டார்கள். 2009ல் வந்த 354ஆம் நம்பர் அரசாணைப்படி சம்பளம் கேட்டார்கள். அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் இடமாற்ற உத்தரவையும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையையும் நீட்டியது. ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதா? கூலி கேட்டால் சார்ஜ் ஷீட்!

ஆனாலும், தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்: இப்படி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு! போராடியவர்கள் பெற்ற வெற்றி இது.

சிலர் கேட்கிறார்கள்: “கட்டாயப்படுத்தி அனுப்பினால் என்ன?” பல லட்சம் கொட்டித் தனியார் கல்லூரியில் சீட்டு வாங்கியவர் போட்ட பணத்தை எடுக்கும் இடத்தைத்தான் தேடுவார். உத்தரவு அவரை ஒரு வருஷம் கட்டிப் போடும். மனதைக் கட்டிப் போடுமா? குடியிருக்க வீடு, நியாயமான சம்பளம், துணைக்கு நர்சு, மேல்படிப்புக்கு வழி. இவை இருந்தால் நம் வீட்டுப் பிள்ளைகளே டாக்டராகி நம் ஊருக்கு வருவார்கள்.

காசில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று 1946லேயே போர் கமிட்டி சொன்னது. அது தர்மம் அல்ல, உரிமை!

ஆலைத் தோழனே! விவசாயத் தொழிலாளியே! டாக்டரின் கோரிக்கை உன் குழந்தையின் உயிர்ப் பிரச்னை. காலியிடங்களை நிரப்பு, மேல்படிப்பு ஒதுக்கீட்டில் கை வைக்காதே என்று சங்கத்தில் தீர்மானம் போடு. கிராம சபையில் எழுந்து கேள்!