முப்பது மைலுக்குள்

பணத்தை வாரி இறைத்துப் பிற தேசத்து வீரர்களைத் திரட்டினால்தான் பெரிய கோப்பை கிட்டும் என்று நம்புவோர் கால்பந்து உலகில் பலர். அவர்களுக்கு 1966-67-ம் வருஷத்து ஐரோப்பியக் கோப்பைக் கதையை நாம் சிபார்சு செய்கிறோம். பல தேசங்களின் சாம்பியன் கோஷ்டிகள் மோத, தோற்றவர் வெளியேறும் பந்தயம் அது.

1967 மே 25-ந் தேதி லிஸ்பன் நகரருகே இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இத்தாலியின் இன்டர் மிலான். 1964, 1965 இரு வருஷங்களிலும் கோப்பையை வென்ற கோஷ்டி. தற்காப்பில் மகா நிபுணர்கள். எதிரே ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்து ஸெல்டிக். அதன் பதினொருவரும் சொந்த மைதானத்துக்கு 30 மைலுக்குள் பிறந்த பிள்ளைகள்!

ஏழாவது நிமிஷத்திலேயே மஸோலா பெனால்டியில் கோல் போட்டார். உடனே இத்தாலியர் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டனர். பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனின் பிள்ளைகளோ கதவை இடிப்பதை நிறுத்தவேயில்லை. 63-வது நிமிஷத்தில் ஜெம்மெல் ஒரு கோல். முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் சால்மர்ஸ் மற்றொன்று. பிரிட்டிஷ் கோஷ்டி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை.

வெளியூர் வீரர்களை அழைப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அழைக்குமுன் அடுத்த தெருவை ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லதல்லவா?