ஐம்பது சென்ட் தொப்பை

"ஐம்பது சென்ட் வாங்கிட்டேன்" என்றதும் நண்பர்கள் இரண்டு பேர் ஊரப்பாக்கம் பக்கம் நிலம் என்று நினைத்து ட்ரீட் கேட்டார்கள். நிலமில்லை சார், வைரம். நூறு சென்ட் ஒரு காரட், ஒரு காரட் 200 மில்லிகிராம். ஆக, நான் வாங்கியது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதற்குத்தான் இரண்டு வருஷ சேமிப்பு, ஒரு சீட்டுப் பணம், மச்சானிடம் கைமாற்று எல்லாம்.

ஐந்தாவது கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு மோதிரம். தி.நகர் கடையில் சேல்ஸ்மேன் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "ஈ.எஃப். கலர், வி.வி.எஸ். சார். அம்பது சென்ட். சர்டிஃபிகேட்டோட!" கல் ஜொலித்தது. ஜொலிக்காமல் என்ன? அந்தக் கடை விளக்குகளுக்கு அடியில் வைத்தால் பித்தளை அண்டாவே ஜொலிக்கும்.

வீட்டு ட்யூப்லைட்டில்தான் வந்தது வினை.

"ஏங்க, நடுவுல கறுப்பா இருக்கே, அழுக்கா?"

சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினோம். கறுப்பு போகவில்லை. ஊரிலிருந்து வந்த மாமியார் வாங்கிப் பார்த்தார். அவர் காதில் 'ப்ளூ ஜாகர்' தோடு. (தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டெயின் என்று ஒரு சுரங்கம். அங்கே கிடைத்த நீலம் ஓடிய வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பெயர். சுரங்கத்தை 1971-ல் மூடிவிட்டார்கள். பெயரை மட்டும் நம் மாமியார்கள் இன்னும் மூடவில்லை.) மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "கல்லு தூங்குதே மாப்ளே" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் வைரம் மதிப்பிடும் ஒரு பெரியவரிடம் போனேன். லென்ஸில் பார்த்தார். சின்ன அளவுகோலால் கல்லைக் கவ்வி அளந்தார். "தம்பி, கல்லு நல்ல கல்லுதான். நிறம் சரி, சுத்தம் சரி. தொப்பைதான் ஜாஸ்தி."

"வைரத்துக்கா?"

"அம்பது சென்ட் வட்டக் கல்லு ஒழுங்கா பட்டை தீட்டினா குறுக்களவு அஞ்சு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கணும். இது 4.9. நாப்பத்திமூணு சென்ட் கல்லுக்கே அந்த அகலம் வந்துடும். மிச்ச ஏழு சென்ட் கீழே வயித்துல கிடக்கு. நீங்க காசு குடுத்தது அதுக்கும் சேர்த்து."

காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. கண்ணுக்குத் தெரிவது நாற்பத்து மூன்று, பில்லில் ஐம்பது. அதிலும் ஐம்பது சென்ட், ஒரு காரட் மாதிரி ரவுண்டான எடைகளைத் தொட்டாலே காரட் விலை ஒரு படி தாவிவிடும். அதனால் பட்டை தீட்டுகிறவர் 48-ல் அழகாக முடிய வேண்டிய கல்லை இடுப்பிலும் வயிற்றிலும் சதை விட்டு 50-க்கு இழுத்துக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம்தானே எடையை மட்டும் கேட்கிறோம்?

ஆனால் கறுப்பு எங்கிருந்து வந்தது? இதற்கு ப்ளஸ் டூ பிசிக்ஸ் வேண்டும். மேலே நுழைகிற வெளிச்சம் அடிப்பட்டைகளில் சரியான சாய்வில் பட்டால் வெளியே போகாமல் இந்தப் பக்கம் மோதி, அந்தப் பக்கம் மோதி, மேலேயே திரும்பி வந்து கண்ணில் அடிக்கும். முழு அக எதிரொளிப்பு. சாய்வு தப்பினால் வெளிச்சம் அடிவழியாக நழுவிவிடும். வயிறு ரொம்ப ஆழமானால் நடுவில் ஆணித்தலை மாதிரி இருட்டு விழும். ரொம்பத் தட்டையானால் மேஜைக்குள் வெள்ளை வளையம் தெரியும், மீன் கண் மாதிரி. எவ்வளவு சாய்வு சரி என்று 1919-லேயே மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளைஞர் கணக்குப் போட்டுப் புத்தகமே எழுதிவிட்டார். மேல்பக்கம் 34.5 டிகிரி, அடிப்பக்கம் 40.75. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. என்னுடையது முன்னே பின்னே அல்ல, அடுத்த தெரு.

நம்ம கோஹினூருக்கே இந்தக் கதி! 1851 லண்டன் கண்காட்சியில் அதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது, பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எடையைக் காப்பாற்றும் நம் பழைய பாணிப் பட்டை, மினுக்கத்துக்கு வெட்டியதல்ல. அடுத்த வருஷமே மறுபடி வெட்டினார்கள். பழைய கணக்கில் 186 காரட்டாக இருந்தது 105 காரட் சொச்சமாக இளைத்தது. மகாராணியே எடையை விட்டுக்கொடுத்து ஒளியை வாங்கியிருக்கிறார்.

"சர்டிஃபிகேட்ல போட்டிருப்பானே தம்பி" என்றார் பெரியவர். பீரோவிலிருந்து எடுத்து வந்தேன். கலர் வரியும் க்ளாரிட்டி வரியும் கடையிலேயே மனப்பாடம். அதற்குக் கீழே 'கட்' என்று ஒரு வரி. எதிரே 'ஃபேர்'. கல்யாண விளம்பரங்களில் ஃபேர் என்று போட்டால் வரிசையில் நிற்பார்கள். இங்கே எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், பூர் என்று ஐந்து படி. கடைசிக்கு முந்தினது ஃபேர்! வட்டக் கல்லுக்கு அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. 2006-லிருந்தே இப்படி மார்க் போடுகிறது. நான்தான் மார்க் ஷீட்டைப் பார்க்காமல் மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன்.

பெரியவர் சொன்னதை நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள். வட்டக் கல் என்றால் 'கட்' வரியை முதலில் படியுங்கள், எக்ஸலன்ட் அல்லது வெரி குட். மில்லிமீட்டர் அளவைக் கேளுங்கள். மொத்த ஆழம் அகலத்தில் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நலம். (என் கல் 68!) கல்லைக் கடை விளக்கிலிருந்து நகர்த்தி, வாசல் பக்கம் நிழலில் பாருங்கள். அங்கே தூங்கினால் வீட்டிலும் தூங்கும். ஏழு கல் தோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் சர்டிஃபிகேட் தர மாட்டார்கள். ஏழையும் சேர்த்துப் பார்த்து, எது மட்டும் மங்கல் என்று கண்டுபிடிப்பதுதான் வழி. ஹால்மார்க் இருக்கே என்று சமாதானம் ஆகாதீர்கள், அது தங்கத்துக்கு. அப்புறம், அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் எக்ஸலன்ட்டும் மங்கும். வைரத்துக்கு எண்ணெய் என்றால் உயிர், ஒட்டிக்கொள்ளும்.

"இப்ப என்ன ஐயா பண்றது?"

"மறுபடி தீட்டலாம். நாப்பது, நாப்பத்திரண்டு சென்ட்தான் தேறும். ஆனா முழிச்சுக்கும்."

வீட்டில் கோஹினூர் கதையோடு விஷயத்தைச் சொன்னேன். மனைவி மோதிரத்தைக் கழற்றவே இல்லை.

"அதெல்லாம் வேணாங்க. அம்பது சென்ட்டுன்னு எங்க பெரியம்மா வரைக்கும் சொல்லியாச்சு."