மணிக்கு வாங்கிய மணி



இம்மாதம் என் பிழையொன்றைப் பற்றி எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை எழுதிவிடுவேனோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை; இது ஊரறிந்த செய்தி. சம்பந்தப்பட்ட தகப்பனாரும் தாயாரும், முக்கியமாக அவர்களுடைய மகளும், இசைவு தந்த பின்னரே எழுதுகோலை எடுத்தேன்.

எங்கள் பங்கு கொள்ளிடக் கரையை ஒட்டியது. அந்தத் தகப்பனார் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். வாரமெல்லாம் செங்கலும் வைக்கோலும் சுமக்கும் வண்டி, விடுமுறை நாளில் குடும்பத்தைச் சுமக்கும். தூக்குச்சட்டியில் புளிச்சோறும், அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால், ஒரு முறை கல்லணை, ஒரு முறை முக்கொம்பு, ஒரு முறை பூண்டி மாதா கோயில் என்று போய்விட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புவார்கள். அதிகச் செலவில்லை. ஆனால் கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்காகப் பிரிவதை அந்தத் தகப்பனார் தம் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டியதை ஒருமுறை அருகிருந்து பார்த்தேன். பள்ளிப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு கையசைவில் சொல்லி முடித்தார்.

வண்டியின் பின்புறத்தில் பிள்ளைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு நாய் நிற்கும். பெயர் மணி. மழைநாளில் பாலத்தடியில் கிடந்த குட்டியை மூத்த மகள்தான் தன் பாவாடையில் சுற்றி எடுத்து வந்தாள். செவலை நிற நாட்டு நாய். இடது காதின் நுனி மடிந்திருக்கும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமென்று தகப்பனை நச்சரிப்பவளும் அவளே. 2023 சனவரி 17ஆம் நாள், வனத்து அந்தோனியார் திருநாளன்று, மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் மணியையும் கொண்டுவந்து நிறுத்தினாள். நானும் தீர்த்தம் தெளித்தேன். அது உடம்பைச் சிலிர்த்துப் பாதியை என் அங்கியின் மேலேயே திருப்பித் தந்தது.

மணிக்கு இடமில்லாத பயணம் ஆண்டுக்கு ஒன்று உண்டு. அது செப்டம்பர் மாத வேளாங்கண்ணித் திருயாத்திரை. உறவினர் இருபது பேர் சேர்ந்து வேன் அமர்த்திச் செல்வார்கள். முந்தின ஆண்டில் பாட்டி வீட்டிலேயே தங்கியதால் கவலை இல்லை. 2023இல் பாட்டியும் நேர்த்திக்கடன் தீர்க்கப் புறப்பட்டுவிட்டார். ஆகவே செப்டம்பர் 5 மாலையில் மணியை மாட்டுக் கொட்டகையில் கயிற்றால் கட்டி, சோறும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பை அடுத்த வீட்டு அத்தையிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். அந்த அம்மையார் சொன்னபடியே செய்தார்; அவர்மேல் குற்றமில்லை. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டாலே தானும் ஏறவேண்டுமென்று பழகிய நாய்க்கு, இந்த ஒரு வண்டி மட்டும் தன்னை விட்டுப் போனது எப்படி விளங்கும்? இரவில் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, வேன் போன வழியே ஓடியிருக்கிறது. பெரிய சாலையில் லாரி மோதிவிட்டது. விடியற்காலையில் கண்ட இளைஞர்கள், வாய்க்கால் கரையில் ஒரு பூவரச மரத்தடியில் புதைத்துவிட்டுத் தகப்பனாருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்கள்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. 7ஆம் நாள் மாலை, பெரிய தேர்பவனிக்கு முன்பு, கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள கடையொன்றில் மகள் சிவப்புக் கயிறு கோத்த சிறு பித்தளை மணி ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். நாயின் கழுத்தில் கட்டுவதற்காம். தகப்பன் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பிறகு சற்று ஒதுங்கி நின்று என்னை அழைத்தார். "பிள்ளை மணி வாங்கியிருக்கு சாமி. நான் எப்படிச் சொல்றது?" என்றார். பின்னால் கூட்டத்தின் 'மரியே வாழ்க' முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அதிகம் சிந்திக்கவில்லை. "திருநாள் நேரத்தில் பிள்ளையின் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்? கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கோ ஓடிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். நாளடைவில் மறந்துவிடும்" என்றேன். அரை நிமிடப் பேச்சு. அன்றிரவு நிம்மதியாகவும் உறங்கினேன்.

பிள்ளை மறக்கவில்லை. ஓடிப்போனது திரும்பி வரலாமல்லவா? மாலைதோறும் ஒரு தட்டில் சோற்றுடன் சாலை முனைக்குப் போய் நின்றாள். நோட்டுப் புத்தகத் தாளில் "காணவில்லை" என்று எழுதி, மடிந்த காதோடு படமும் வரைந்து, நியாயவிலைக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டினாள். ஒரு தாளைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட என்னிடமே அனுமதி கேட்டாள். கொடுத்தேன். காலைப் பூசைக்குப் போகையில் அந்தத் தாளைக் கடந்துதான் நான் போக வேண்டும்.

போதாக்குறைக்கு, காணாமற்போனவற்றைக் கண்டெடுத்துத் தருபவர் என்று பாட்டி சொல்லியிருந்ததால், பதுவை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாளும் தொடங்கிவிட்டாள். (மாடுகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் நாளின் அந்தோனியார் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக்கிவிடுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை.) செவ்வாய்தோறும் உண்டியலில் அவள் காசு போடும் ஒலி பீடத்தருகே நிற்கும் எனக்குக் கேட்கும். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். தகப்பனார் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். சாமி சொன்ன வழியை மீறலாமா என்று அவர் இருந்தார்.

ஆறாம் செவ்வாய் முடிந்த வாரத்தில், பள்ளியில் நடந்த சிறு சண்டையில், பக்கத்துத் தெருப் பையன் உண்மையைக் கொட்டிவிட்டான். ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்ததை அவள் கடைசியாகத் தெரிந்துகொண்டாள். வீட்டில் அழவில்லை, தகப்பனோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அடுத்த ஞாயிறு கல்லணைக்குப் புறப்பட்டபோது வண்டியில் ஏற மறுத்துவிட்டாள்.

பிறகு ஒரு மாலை என் அறை வாசலில் வந்து நின்றாள். "தோத்திரம் சாமி" என்றாள். "உங்களுக்கும் தெரியுமா சாமி?"

"தெரியும். அப்படிச் சொல்லும்படி உன் அப்பாவிடம் சொன்னதே நான்தான்" என்றேன்.

நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தோனியார் மேல எனக்குக் கோபம் இல்ல சாமி. அவருக்கும் யாரும் சொல்லலையோ என்னவோ" என்றாள். குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் பயின்ற எனக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே தரவில்லை. தந்ததாகப் பாவனையும் செய்யவில்லை.

அதற்குப் பின்தான் கேட்டாள்: "மணி மோட்சத்துக்குப் போயிருக்குமா?"

இளங்குருவாக இருந்த காலத்தில் இதே கேள்விக்குப் பாடப்புத்தக விடையைச் சொல்லியிருக்கிறேன்: விலங்குக்குப் புலனுணர்வுள்ள ஆன்மா உண்டு, அது உடலோடு அழியும், மனித ஆன்மாவே அழியாதது என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தபடி. அவர் மேதை, நான் அவரோடு வழக்காடவில்லை. ஆயினும் 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்குப் புகழ்' சுற்றுமடலின் முடிவுப் பகுதி, நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிபெற்று உருமாறித் தனக்குரிய இடத்தைப் பெறும் என்கிறது. அவளிடம் தோபித்து நூலின் கதையைச் சொன்னேன். இளைஞன் தோபியா வானதூதரோடு நெடும்பயணம் புறப்படும்போது ஒரு நாயும் உடன் போகிறது. ஊர் திரும்பும்போதும் பின்னே வருகிறது. அது எதற்காகப் போயிற்று என்று நூல் சொல்வதில்லை. வானதூதர் விரட்டவும் இல்லை. புனித ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் வாயில் அப்பத்துடன் நிற்கும் நாயை அவளே பலமுறை பார்த்திருக்கிறாள். "மணி எங்கே என்று எனக்குத் தெரியாது. அதைப் படைத்தவருக்குத் தெரியும். தெரியாததைத் தெரிந்ததுபோல் உன்னிடம் இனிச் சொல்லமாட்டேன்" என்றேன்.

பெற்றோரே, "ஒரு நாய்க்கு இவ்வளவா?" என்று சிலர் கேட்பீர்கள். மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை விலங்குக்குத் தரலாகாது என்பது திருச்சபையின் போதனைதான். ஆனால் நாத்தான் இறைவாக்கினர் தாவீதின் மனச்சான்றைத் தொடுவதற்கு எடுத்த கதை எது? ஏழை ஒருவன் மடியில் படுத்து, அவன் கலத்தில் குடித்து, மகளைப் போல் வளர்ந்த ஒரு ஆட்டுக்குட்டியின் கதையல்லவா? உரியா செத்ததற்குக் கலங்காத அரசன் அந்தக் குட்டிக்காகக் கொதித்தெழுந்தான். நானும் அந்தத் தகப்பனாரும் மறைத்தது பிள்ளையின் துயரத்துக்கு அஞ்சியன்று; அவள் அழுவதைப் பார்க்க நேரிடுமே என்று எங்களுக்கு அஞ்சி.

தகப்பனார்தாம் அவளை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனார். நானும் உடன் சென்றேன். கயிற்றின் அறுந்த முனையை அவர் எறியாமல் வைத்திருந்ததை அன்றுதான் கண்டேன். "அப்பா அவசரத்துல கட்டிட்டுப் போயிட்டேன்டா" என்று அவர் சொன்னதும் அவள் அழத் தொடங்கினாள். ஏழு வாரத்து அழுகை. பித்தளை மணியைப் பூவரசின் வேரருகே தன் கையாலேயே புதைத்தாள்.

2024 ஆகஸ்டு இறுதியில், வேன்கள் புறப்படுமுன், கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. மாடு, ஆடு, நாய், கோழி உள்ள வீடுகள் எவை; திருயாத்திரை போகாத எந்த வீட்டார் எந்த வீட்டில் வந்து இரவில் படுப்பார்கள்; நாயைக் கயிற்றால் கட்டாமல் கொட்டகைக் கதவை அடைத்துவைக்க வேண்டும்; பழகுவதற்காக இரண்டு நாள் முன்னதாகவே அவர்கள் கையால் சோறு வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. கையெழுத்து எனக்குத் தெரிந்ததே. பட்டியலின் கடைசி வரியில், இரவு தங்குவோர் வரிசையில், என்னைக் கேளாமலே என் பெயரையும் சேர்த்திருந்தாள். வீட்டின் பெயருக்கு எதிரே, "இரண்டு ஆடு, ஒரு குட்டி நாய்" என்றிருந்தது.