முன்பல் கறுத்தால் பிடுங்குவதே முடிவா?

வேர் சிகிச்சை செய்த முன்பல் நாளடைவில் சாம்பல் நிறமானால், சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணிப் பலர் பல்லைப் பிடுங்கச் சொல்கின்றனர். நிறமாற்றம் மட்டுமே தோல்விக்குச் சான்றாகாது.

பல நேரங்களில் காரணம் நிரப்புப் பொருளே. 1990களில் அறிமுகமான எம்.டி.ஏ. என்னும் சிமென்டில், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. வேர்க்குழாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் கரைசல் பட்டால் அது கருமையடையும். வெண்ணிற எம்.டி.ஏ.வும் இதற்கு விலக்கன்று. ஈறுக்கு வெளியே தெரியும் பற்பகுதியினுள் நிரப்புப் பசையின் மிச்சம் தங்கினாலும் நிறம் மாறலாம்.

இதனைச் சிகிச்சைக்கு முன்பே சொல்வது மருத்துவரின் கடமை என்பது எம் கருத்து. செங்கம், போளூர், ஜவ்வாது மலைப் பகுதிகளிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தேறி வருவோர்க்கு, மறுமுறை வருவதென்றால் ஒரு நாள் கூலி இழப்பு. சொல்லாவிடில் நீங்களே கேளுங்கள்: "இப்பொருளால் பல் கறுக்குமா? மாற்றுப் பொருள் உண்டா?" சிர்கோனியம் ஆக்சைடு கலந்தவற்றில் இச்சிக்கல் குறைவு.

ஏற்கெனவே கறுத்த பல்லுக்கும் வழியுண்டு. எக்ஸ்ரே எடுத்து வேர் நலமாயிருப்பதை உறுதிசெய்தபின், பல்லின் உட்புறம் மருந்திட்டு வெளுக்கச் செய்யலாம். தேவையெனில் உறையும் இடலாம். வலி, வீக்கம், சீழ் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் தாமதியாது வாருங்கள். நிறத்துக்காக மட்டும் நல்ல பல்லை இழக்க வேண்டாம்.